நாவின் காவலும் அடியவனின் ஏச்சும்

சோதனைக்கு ஆளாகாதபடி காக்குமாறும் நாவை அடக்கித் தருமாறும் இறைவனை வேண்டுதல் சமய இலக்கியங்களிற் பரவலாகக் காணப்படும் பொருளாகும். இதனைத் தனிமனித ஒழுக்கமாகக் கொண்டு போற்றுவோர் ஒருசாரார். அபினியெனக் கூறி ஒதுக்கும் முற்போக்காளர் மற்றொருசாரார். இருசாராரும் பாடலைப் பாடலாகப் படிப்பதில்லை. ஹெகலின் சட்டவியற் கோட்பாடு பற்றி 1844இல் வெளியான கட்டுரையில், மதம் துன்பத்தின் வெளிப்பாடாகவும் அதற்கெதிரான கண்டனமாகவும் அமைவதை மார்க்ஸ் சுட்டினார். இவ்விரட்டைத் தன்மையை மனங்கொண்டு இரு பாடல்களை நோக்குவோம்.

முதலாவது, தாவீதின் பெயரால் வழங்கும் விவிலியத்தின் 141ஆம் சங்கீதம். பத்து வசனங்களே கொண்ட இப்பாடலில் உதடுகள் வாயிற்கதவாகவும் இறைவன் அதன் காவலனாகவும் உருவகிக்கப்படுகின்றனர். போதகர் பலர் இவ்வுருவகத்தோடு நின்றுவிடுவர். ஆயின், அடுத்த வசனமே தீயோருடன் கூடாதிருக்கவும் அவர்தம் சுவையான உணவை உண்ணாதிருக்கவும் வேண்டுகின்றது. சொல் வெளியேறும் வாயிலும் உணவு புகும் வாயிலும் ஒன்றே. எனவே, இங்கு சோதனை எனப்படுவது அக்கிரமக்காரர் இடும் விருந்தாகும். அவ்விருந்தை ஏற்றவன் அவர்தம் மொழியையே பேச நேரிடும். நீதிமான் தன்னை அடிப்பினும் அதனை அன்பாக ஏற்பதாகப் பாடுவோன் கூறுவது இதன் மறுபக்கமாகும். அதன்பின் வரும் சில வரிகளின் எபிரேய மூலம் தெளிவற்றதெனினும், தீயோரின் நீதிபதிகளது வீழ்ச்சியும் தனக்கென விரிக்கப்பட்ட கண்ணிகளும் பேசப்படுதல் தெளிவு. நாவைக் காக்க வேண்டும் இப்பாடல், தீயோருக்கெதிராக வாய்திறந்தே பேசுகின்றது. கீழைத் திருச்சபைகளின் மாலை வழிபாட்டில் இது நெடுங்காலமாகப் பாடப்பட்டு வருவதற்கு, தூபத்தையும் மாலைப் பலியையும் கூறும் அதன் தொடக்கம் பெரிதும் பொருந்தியமை காரணமாகும். தூபம் நினைவில் நிற்க, விருந்து மறுப்பு மறக்கப்பட்டமை கவலைக்குரியது.

இரண்டாவது, மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பம். உத்தரகோசமங்கை இறைவனை விளித்து அந்தாதியாய் அமைந்த ஐம்பது பாடல்களிலும் தன்னைக் கைவிடலாகாதென்ற இரப்பே ஒலிக்கின்றது. இங்கு சோதனை புலன்வழி வருகின்றது. அதற்குப் பெண்ணுடலே பெரிதும் காரணமாக்கப்படுகின்றது. ஆணின் தளர்ச்சிக்குப் பெண்ணைப் பொறுப்பாக்கும் இந்நோக்கினைப் பக்தியின் பெயரால் நாம் மன்னித்துவிட இயலாது. எனினும் பாடலின் முடிவு வேறொன்றைக் காட்டுகின்றது. இரந்து நின்ற அடியவன் இறுதிப் பாடல்களில் எச்சரிக்கத் தொடங்குகின்றான். நீ கைவிடின், யாருடைய அடியானென வினவுவோரிடம் உன் பெயரைச் சொல்லி உன்னை நகைப்புக்கு ஆளாக்குவேன் என்கின்றான். பித்தனெனப் பலவாறு ஏசுவேன் என்கின்றான். ஆண்டான்–அடிமை உறவே பக்தியின் மொழியாக அமைந்த சமுதாயத்தில், ஆண்டானின் புகழ் அடிமையின் வாயிலும் தங்கியிருந்தது என்ற உண்மை இங்கு வெளிப்படுகின்றது. உடைமை ஏதுமற்றவனுக்கு எஞ்சிய படைக்கலம் நா ஒன்றே.

ஒருவர் நாவுக்குக் காவல் வேண்டுகின்றார். மற்றவர் காவலை நீக்கப்போவதாக அச்சுறுத்துகின்றார். வெளித்தோற்றத்தில் முரண்பட்டனவாயினும், சொல்லின் ஆற்றலை எளியவன் உணர்ந்த நிலையிலேயே இரண்டும் பிறக்கின்றன. இரண்டுக்கும் பொதுவான எல்லையும் உண்டு: தீர்வு இறைவனிடமே விடப்படுகின்றது, தன்னையொத்த பிறரோடு இணைந்து அதனைத் தேடும் எண்ணம் அரும்பவில்லை. அது அவ்வச் சமுதாயங்களின் வரலாற்று எல்லையாகும்.

ஆயினும், நாவடக்கம் எளியோருக்கு மட்டுமே உரிய அறமாக இன்றும் போதிக்கப்படுகின்றது. அவ்வாறு போதிக்கப்படும் இடமெல்லாம், யாருடைய நா, யாருடைய விருந்துக்காக அடங்குகின்றது என வினவுதல் திறனாய்வாளரின் கடனாகும். அவ்வினாவை எழுப்பும் உரிமையை இவ்விரு பாடல்களுமே நமக்கு அளிக்கின்றன.