முதலில் எர்த்தைப் பார்

லூக்காஸ் என்ற வாகன மின்சாமான் கம்பனியைத் திட்டுவது இப்போது ஒரு வழக்கமாகிவிட்டது. ஆங்கிலேயரே தங்கள் பேர்மிங்ஹாம்காரனுக்கு ‘இருட்டின் இளவரசன்’ என்று பட்டம் கட்டிச் சிரிக்கிறார்கள். வவுனியாவில் பழைய சாமான் விற்கிறவர்களும் அந்தப் பகிடியைத் தமிழில் சொல்லக் கேட்டிருக்கிறேன். சீரீஸ் லான்ட் றோவர் ஒன்று காலையில் முனகிவிட்டுப் படுத்தால் பழி முழுக்க லூக்காஸ் ஸ்ராட்டரின் தலையில். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. வன்னியில் நான் பார்த்தவரை ஸ்ராட்டர் உண்மையில் செத்துப்போன வண்டிகள் குறைவு. செத்துக்கிடந்தது பெரும்பாலும் ஒரு முழம்கூட வராத செப்புப் பின்னல், எஞ்சினிலிருந்து சசிக்குப் போகும் எர்த் பட்டி.

எஞ்சின் ரப்பர் மேல் இருக்கிறது. தடித்த வயரில் ஸ்ராட்டருக்கு வந்த கறண்ட் பற்றறிக்குத் திரும்பிப் போக அந்தப் பட்டியை விட்டால் ஒழுங்கான வழி கிடையாது. பெற்றோல் எஞ்சினைச் சுற்ற 200 அம்பியர் என்று வைத்துக்கொள்வோம். டீசலுக்கு இன்னும் கூட. அந்தப் பட்டியின் நட்டடியில் ஓர் ஓமில் நூறிலொரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ற் அங்கேயே போய்விடும். 400 வாற் சூடு ஒரு நட்டடியில்! மிச்சத்தை வைத்துக்கொண்டு ஸ்ராட்டர் என்ன செய்யும்?

லான்ட் றோவருக்கு இதில் தனிச் சாபம் உண்டு. 1948இல் அது அம்ஸ்ரடாம் கண்காட்சிக்கு வந்தபோது பிரித்தானியாவில் போருக்குப் பிந்திய உருக்குத் தட்டுப்பாடு. அதனால் சசி உருக்கிலும் உடம்பு அலுமினியக் கலவையிலும் ஆனது. உடம்பு கறள் பிடிக்காது என்று எல்லோரும் மெச்சுகிறார்கள், சரிதான். ஆனால் அலுமினியமும் உருக்கும் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் ஈரம் இறங்கினால் அலுமினியம் வெள்ளைப் பொடியாகக் கரையும். அந்தப் பொடி கறண்டைக் கடத்தாது. முல்லைத்தீவுக் கரையில் உப்புக் காற்று, உள்ளே வந்தால் மாரிச் சேறு, கோடையில் கிறவல் தூசி. இந்த வண்டியின் எர்த்தைக் கெடுக்க இதைவிட வசதியான மாவட்டங்கள் வேறு இருக்காது.

நான் சொல்லவந்தது மாங்குளத்தார் என்று நாங்கள் சொல்லும் மெக்கானிக்கைப் பற்றி. பெயரை எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஏ9 வீதியிலிருந்து சற்று உள்ளே தகரக் கொட்டில். வாசலில் ஒரு முதிரை. ஆயுதங்கள் என்று பார்த்தால் கம்பித் தூரிகை ஒன்று, ஸ்பானர் நாலைந்து, இரண்டு வயர் ஒட்டிய பழைய சிக்னல் பல்ப் ஒன்று. வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் இறங்கும்போதே ஸ்ராட்டரைக் கழற்றும் கதையைத் தொடங்குவார்கள். அவர் ஸ்பானரைத் தொடமாட்டார்.

“ஒண்டையும் கழட்டாதை தம்பி. லைற்றைப் போட்டுட்டுத் திறப்பைத் திருப்பு.”

சொல்லிவிட்டு வண்டிக்கு முன்னால் போய் நிற்பார். கண் ஹெட்லைற்றில், காது பொனற்றுக்குள். இந்த ஒரு நிமிடத்துக்காகவே வேலை இல்லாத நாட்களிலும் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறேன். திறப்பைத் திருப்பியதும் லைற் மெல்ல மங்கி, ‘டக டக டக’ என்று ஸ்ராட்டர் சுவிச்சான சொலினொயிட் அலறினால் பற்றறியில் இருப்பில்லை. லைற் பட்டென்று அடியோடு செத்தால் பற்றறித் தலையில் இருக்கும் பிடி தளர்ந்திருக்கிறது. கழற்றிச் சுரண்டி இறுக்கினால் ஐந்து நிமிட வேலை. லைற் பலமாக மங்கி ஒரேயொரு ‘தொம்’ கேட்டால் பினியன் சில்லுப் பல்லில் சிறைப்பட்டிருக்கலாம். அதற்கும் அவர் கழற்றமாட்டார். கியரில் போட்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டச் சொல்வார். அசையாவிட்டால் ஸ்ராட்டர் நுனி மூடியை எடுத்து, தண்டின் சதுர முனையில் ஸ்பானரைக் கொடுத்து ஒரு திருப்பு. ஸ்ராட்டர் மட்டும் ‘உய்ங்’ என்று தனியே சுற்றி எஞ்சின் அசையாவிட்டால் பினியன் ஏறியிறங்கும் பெண்டிக்ஸ் அழுக்கு. அதை மண்ணெண்ணெயில் கழுவிக் காயவிட வேண்டும், எண்ணெய் பூசக் கூடாது. எண்ணெய் பூசினால் அடுத்த கிழமையே தூசி அப்பிக்கொண்டு மறுபடி வரும். இதைச் சொல்லியும் பூசுகிறவர்கள் உண்டு.

ஆனால் அவர் முகம் மலர்வது வேறொன்றுக்கு. லைற் துளியும் மங்காமல் பிரகாசமாக எரிய, சொலினொயிட் ‘டொக்’ என்று சுத்தமாக அடிக்க, எஞ்சின் மட்டும் கல்லாக இருக்கும். கோவலன் கூத்தில் மத்தளத்தின் ஒரு தட்டுப் பிசகினால் முல்லைத்தீவு அண்ணாவியார் தலையை மட்டும் திருப்புவார் அல்லவா, அப்படி ஒரு திருப்பு. லைற்றுக்கு எர்த் உடம்பில் இருக்கிறது, பற்றறிக்குச் சசியில் இருக்கிறது. அந்த வீட்டில் சண்டை இல்லை. பெரிய கறண்ட் மட்டும் எங்கேயோ தடைபட்டு நிற்கிறது. ஒன்று சொலினொயிட்டின் செப்பு முகங்கள் கருகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் எஞ்சினின் எர்த். இரண்டையும் பிரிக்க அவருக்கு ஒரு துண்டு வயர் போதும். பற்றறியின் எர்த் முனையிலிருந்து எஞ்சின் போல்ற் ஒன்றுக்குத் தடித்த வயரைப் பிடித்துக்கொண்டு, “இப்ப திருப்பு” என்பார். எஞ்சின் பறக்கும். சுற்றி நிற்கிறவர்கள் பற்றறியைப் பார்ப்பார்கள். அவர் கீழே குனிந்து பட்டியைத் தேடுவார்.

சந்தேகம் இருந்தால் கையை நம்புவார். பத்துச் செக்கனுக்கு மேல் சுற்றவிடாமல் நிறுத்தி, ஒவ்வொரு மூட்டாகப் புறங்கையால் தொட்டுக்கொண்டு போவார். சுடுகிற மூட்டுத்தான் வோல்ற்றைத் தின்கிற மூட்டு.

பட்டி அடியோடு அறுந்த வண்டிகளில் இன்னொரு வேடிக்கை. கறண்ட் சும்மா இருக்காது, சோக் கேபிளைப் பிடித்துக்கொண்டு சசிக்கு இறங்கப் பார்க்கும். கேபிள் சூடேறிப் புகையும். ‘சோக் எரியுது’ என்று கேபிளை மாற்றி, மறுபடி எரியவிட்டு, இரண்டாவது கேபிளோடு வந்தவர்களையும் அந்த முதிரையடியில் பார்த்திருக்கிறேன்.

மீற்றர்க்காரர்களோடு எனக்கு நீண்டகால வழக்கு. டிஜிற்றல் மீற்றரை வைத்து “12.6 இருக்கு, பற்றறி நல்லம்” என்று தீர்ப்புச் சொல்கிறார்கள். பின்னலில் ஓர் இழை மிச்சம் இருந்தாலும் மீற்றர் அந்த 12.6ஐக் காட்டும், ஏனென்றால் அது கறண்டே கேட்பதில்லை. மாங்குளத்தாரின் பல்ப் அதைவிட மேல். கொஞ்சமாவது கேட்டுப் பார்க்கிறது. ஆனாலும் நீதி என்று ஒன்று உண்டு. மீற்றரின் ஒரு முனையைப் பற்றறியின் எர்த் முனையிலேயே, பிடியில் அல்ல, அந்த ஈயத் தலையிலேயே வைத்து, மறுமுனையை எஞ்சின் பிளொக்கில் வைத்து, ஆள் ஒருவரைச் சுற்றச் சொன்னால் மீற்றரும் உண்மை சொல்லும். அரை வோல்ற்றுக்கு மேல் காட்டினால் எர்த் பிழை. இப்படிப் பிடிக்கத் தெரிந்த மீற்றர்க்காரரோடு எனக்குப் பகையில்லை. அவர்களைக் காண்பதுதான் அரிது.

கைப்பிடி ரசிகர்கள் வேறு சாதி. பம்பர் ஓட்டையில் இரும்பைக் கொடுத்துச் சுற்றி எழுப்புவதே ஆண்மை என்பார்கள். பார்க்க அழகுதான். எஞ்சின் திருப்பி அடித்தால் பெருவிரல் போய்விடும். விரல்கள் எல்லாம் ஒரே பக்கம் இருக்க வேண்டும் என்பதாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கட்டும். மற்றப்படி, பழுதைக் கண்டுபிடிக்காமல் தாண்டிப் போகிற வழி அது. அதில் எனக்குச் சுவை இல்லை.

இந்தக் கலை இங்கே இவ்வளவு நுணுக்கமானதற்குக் காரணம் ரசனை அல்ல, பஞ்சம். 1990களின் பொருளாதாரத் தடையில் வானொலிக்குப் போடும் பற்றறிகூட இந்தப் பக்கம் வரத் தடை. வாகனப் பற்றறியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மண்ணெண்ணெயில் ஓடிய வண்டிகளை எழுப்ப மட்டும் நாலு சொட்டுப் பெற்றோல், சேலைன் போத்தலில் வைத்துக் காத்தது. மட்டமான நிலம் வன்னி. தள்ளாமல் உருட்டி எழுப்பச் சரிவு வேண்டுமென்றால் குளக்கட்டுக்குத்தான் போக வேண்டும். முத்தையன்கட்டிலும் அக்கராயனிலும் கட்டோரம் வண்டியை விட்டுவிட்டு ஒரு கட்டை தூரம் நடந்து வீட்டுக்குப் போனவர்கள் இருந்தார்கள். அப்படிப்பட்ட நாட்களில் பாதி செத்த பற்றறிதான் எல்லோரிடமும். அதில் இருப்பது பத்து வோல்ற் என்றால் அந்தப் பத்தும் ஸ்ராட்டருக்கே போய்ச் சேர வேண்டும், மூட்டுக்கு மூட்டு வரி கட்ட முடியாது. புதுப் பற்றறி போட்ட வண்டி கெட்ட எர்த்தோடும் ஸ்ராட் ஆகிவிடும், பழசு ஆகாது. மாங்குளத்தாரின் காது அந்தப் பழசுகளில் பழகிய காது. 2002 ஏப்ரலில் ஏ9 திறந்து சாமான் லொறிகள் வந்தபோது எல்லோரும் சந்தோசப்பட்டோம், நானுந்தான். ஆனால் ‘மாத்திப் போடு’ என்ற மந்திரம் அந்த லொறிகளில்தான் ஏறி வந்தது.

இப்போது கராச்சுக்குப் போனால் ஒழுங்கு தலைகீழ். முதலில் பற்றறி மாற்றுவார்கள். பிறகு யப்பான் ரீகண்டிசன் ஸ்ராட்டர் ஒன்றைத் தட்டு வெட்டிப் பொருத்துவார்கள். பிறகு திறப்புச் சுவிச். எல்லாம் முடிந்து காசும் முடிந்த பிறகு யாராவது ஒரு கிழவர் எர்த் என்பார். பஜிரோ, ஹைலக்ஸ் வைத்திருக்கிறவர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கலாம். அவர்களின் வண்டிகளும் முப்பது வயதைத் தாண்டிவிட்டன, அதே பட்டி அங்கேயும் அதே ரப்பருக்குப் பக்கத்தில்தான் உளுத்துக்கொண்டிருக்கிறது.

பொசிட்டிவ் எர்த் வண்டிகளின் கதை இன்னும் மோசம். 1960களின் நடுப்பகுதி வரை வந்த சீரீஸ்களில் பொசிட்டிவ்தான் சசிக்கு. இளம் பெடியங்கள் பழக்கதோசத்தில் பற்றறியைத் திருப்பி மாட்டுகிறார்கள். ஸ்ராட்டர் மறுப்பே சொல்லாமல் சரியான பக்கம் சுற்றும், ஏனென்றால் அதன் புலச் சுருளிலும் ஆமேச்சரிலும் ஒரே கறண்ட் ஓடுவதால் இரண்டும் சேர்ந்தே மாறிக்கொள்கின்றன. அது சுற்றியதைப் பார்த்து எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்கள். டைனமோவும் கட்டவுட்டும் போகிற வழியில் சண்டை பிடிக்கும். அல்ரனேற்றர் மாட்டி நெகற்றிவ் எர்த்துக்கு மாற்றிய வண்டியில், பழசுதானே என்று பொசிட்டிவைச் சசிக்குக் கொடுத்தால் டயோட் உடனே எரியும்.

பட்டி மாற்ற நினைப்பவர்களுக்கு ஒன்று. கடைகளில் தொங்கும் மெல்லிய பின்னலை வாங்காதீர்கள், சின்னக் கார்களுக்கானது. மாங்குளத்தார் போட்டது வெல்டிங் பிளான்ற்றின் தடித்த கேபிள், இரு முனையிலும் செப்புக் காது வைத்து ஈயம் ஊற்றியது. சசியில் பெயின்றைச் சுரண்டி உருக்கு மினுங்கிய பிறகே நட்டு. இறுக்கிய பிறகு மேலே கிறீஸ், முன்னால் அல்ல. அலுமினிய உடம்பில் எதையும் மாட்டமாட்டார். கியர்பொக்ஸிலிருந்து சசிக்கு இன்னொன்று கூடுதலாகப் போடுவார். கேட்டால், “ஒண்டு அறுந்தா மற்றது வீட்டை கொண்டுபோய்ச் சேர்க்கும்” என்பார். அதற்குக் காசு வாங்குவதில்லை, கேபிளைக் கொண்டுவருவது உங்கள் பொறுப்பு.