மணலியின் எரிவாயுச் சேவையும் அதன் எல்லையும்

வாடிக்கையாளர் சேவையின் தரத்தை ஆராய விரும்புவோருக்கு வீட்டு எரிவாயு விநியோகம் போலத் தெளிவான களம் அமைவது அரிது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் என்ற மூன்று பொதுத்துறை நிறுவனங்களும் ஒரே ஊரில் ஏறத்தாழ ஒரே விலைக்கு 14.2 கிலோ எரிவாயுவை விற்பதால், ஒரு கேஸ் ஏஜென்சியை மற்றொன்றிலிருந்து வேறுபடுத்திக் காட்டுவதற்குச் சேவையைத் தவிர ஏதும் மிஞ்சுவதில்லை. வடசென்னையிலுள்ள மணலிக்கு இதில் தனித்த இடமுண்டு. 1965இல் மெட்ராஸ் ரிஃபைனரீஸ் என்ற பெயரில் நிறுவப்பட்டு, 1969இல் இயங்கத் தொடங்கி, இன்று இந்தியன் ஆயிலின் துணை நிறுவனமான சென்னை பெட்ரோலியம் கார்ப்பரேஷன் (சிபிசிஎல்) ஆக வளர்ந்துள்ள சுத்திகரிப்பு ஆலை இங்கேயே அமைந்திருப்பதால், எரிவாயுவை வாங்குபவரும் ஆலைப் புகைபோக்கியின் அருகில் வாழ்பவரும் பல தெருக்களில் ஒரே ஆளாக இருக்கிறார்.

இச்சேவையின் நிறைகளைக் குறைத்து மதிப்பிடுவது நேர்மையாகாது. பதிவு செய்துவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த தலைமுறைக்கு, 2021 முதல் ஒரு மிஸ்டு கால் மூலமே இந்தியன் ஆயிலின் இண்டேன் சிலிண்டரைப் பதிவு செய்ய முடிவது சிறிய மாற்றமன்று. முகவரின் மெத்தனம் பொறுக்காதவர் இணைப்பை வேறு முகவரிடம் மாற்றிக்கொள்ளும் உரிமை 2014இல் நாடெங்கும் விரிவுபடுத்தப்பட்டது. இது ஏகபோகத்தின் இறுக்கத்தை, ஏட்டளவிலேனும், தளர்த்தியது. கசிவு ஏற்பட்டால் எந்நேரமும் அழைக்கத்தக்க 1906 என்ற அவசர எண்ணே இவ்வமைப்பின் ஆகச் சிறந்த பகுதி எனலாம். விற்பனையில் ஒரு ரூபாயும் கூட்டாத இந்த ஏற்பாடு வாங்குபவரின் உயிரைக் கருதியே செய்யப்பட்டது.

2020 நவம்பரில் அறிமுகமான ஒப்படைப்பு உறுதி எண்ணைப் பற்றி இவ்வளவு எளிதாக முடிவு கூற இயலாது. சிலிண்டர் உரியவரிடம் சேர்ந்ததை உறுதிசெய்யும் பொருட்டு, அவரது கைபேசிக்கு வரும் ஓடிபியை, சிலிண்டரைக் கொண்டுவருபவரிடம் சொல்லவைக்கும் இம்முறை, வீட்டுச் சிலிண்டர்கள் ஓட்டல்களுக்குத் திருப்பிவிடப்படுவதைத் தடுக்க உதவுகிறது. ஆயினும் பதிவான எண் ஷிப்டுக்குச் சென்ற கணவரின் சட்டைப்பையில் இருக்க, சிலிண்டரை வாங்க வேண்டியவர் வாசலில் நிற்கும் மனைவியாக இருக்கும் தொழிற்பேட்டைக் குடும்பங்களை இந்த ஏற்பாடு எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சேவையின் உண்மையான சோதனை வாசற்படியில்தான் நிகழ்கிறது. கொண்டுவருபவர் தராசு வைத்திருக்க வேண்டும் என்பதும், வாடிக்கையாளர் கேட்டால் எடை போட்டுக் காட்ட வேண்டும் என்பதும் விதி. உருளையில் பொறிக்கப்பட்ட வெற்று எடையோடு 14.2 கிலோவைக் கூட்டிப் பார்ப்பது எவருக்கும் முடியும் கணக்கே. எனினும் பெரும்பாலோர் கேட்பதில்லை, ஏனெனில் கேட்பது அவநம்பிக்கையாகத் தோன்றுகிறது. கொண்டுவருபவரோ, போடும் சிலிண்டரின் எண்ணிக்கையை ஒட்டியே பெரும்பாலும் வருமானம் அமைவதால், நிற்க நேரமின்றி அடுத்த தெருவுக்கு விரைகிறார். வீட்டில் ஒப்படைப்பதற்கான கட்டணம் பில் தொகையிலேயே அடங்கியிருந்தும் அதற்கு மேல் பணம் கேட்கப்படுவது சென்னையில் நெடுநாளைய புகார். நிறுவனங்கள் 'கூடுதலாகத் தர வேண்டாம்' என்று வாடிக்கையாளருக்கு அறிவுரை சொல்வதோடு பொறுப்பை முடித்துக்கொள்கின்றன. முழுச் சிலிண்டரைத் தோளில் தூக்கி மூன்றாம் மாடி ஏறும் உழைப்புக்கு முகவர் என்ன கொடுக்கிறார் என்ற கேள்வியைத் தொடாத அந்த அறிவுரை, சேவைக் குறைபாட்டின் வேரை விட்டுவிட்டுக் கிளையை வெட்டுகிறது. முகவர்களுக்கு விண்மீன் தரம் வழங்கும் முறையும் எத்தனை நாளில் சிலிண்டர் சேர்ந்தது என்பதையே முதன்மையாக அளக்கிறது. தூக்கி வந்தவரின் கூலி அந்த அளவுகோலுக்குள் வருவதேயில்லை.

ஒப்பந்தத் தொழிலாளராக வந்து வாடகை அறையில் தங்குவோருக்கு, முகவரிச் சான்று கேட்காமல் விற்கப்படும் 5 கிலோ சிலிண்டர் உள்ளது. அது மானியமற்ற விலையில் கிடைப்பதால், நிலையான முகவரி இல்லாதவரே கிலோவுக்கு அதிகம் கொடுக்கிறார்.

இவற்றைவிட ஆழமான குறை, யார் வாடிக்கையாளர் என்று வரையறுப்பதிலேயே உள்ளது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவி, மீனவர்களின் படகுகளிலும் வலைகளிலும் படிந்தபோது, அது சிபிசிஎல் வளாகத்திலிருந்து வந்தது என மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் கூற, குழாய்களில் கசிவு ஏதுமில்லை என நிறுவனம் மறுத்தது. அடுப்படிக் கசிவுக்கு எந்நேரமும் பதில் சொல்லும் ஓர் எண்ணைப் பெற்றிருக்கும் அதே குடும்பம், கழிமுகத்து எண்ணெய்க்குத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் ஆணைக்காகக் காத்திருந்தது. பில் வைத்திருப்பவரே சேவைக்கு உரியவர் என்ற கோட்பாட்டில் இது பிழையாகக்கூடத் தெரிவதில்லை. ஏனெனில் கழிமுகத்து மீனவர் ஆலையிடமிருந்து அன்று எதையும் விலைக்கு வாங்கியிருக்கவில்லை.