நகரும் ஆதாரம்

தமிழில் சினிமாச் சங்கீதம் பற்றி எழுதப்படுவதில் பெரும்பகுதி மூன்று பேரைச் சுற்றியே நிற்கிறது. பாட்டை எழுதியவர், பாடியவர், மெட்டமைத்தவர். மூன்றாமவரிடம் வந்ததும் ராகத்தின் பெயரைச் சொல்லிவிட்டால் விமர்சனக் காரியம் தீர்ந்ததாக ஒரு நினைப்பு. ராகத்தின் பெயர் தெருப்பெயர் மாதிரி. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அது சொல்வதில்லை. சிறுபத்திரிகைகளில் எழுதுகிற நாமோ சினிமாப் பாட்டு என்றதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பழகியவர்கள். கவிதையில் ஒரு சொல் பிசகினால் நாலு பக்கம் எழுதுவோம். தினமும் டீக்கடையில் நம் காதுக்குள் புகுந்து வேலை செய்கிற ஒன்றைப் பற்றி எழுத நமக்குச் சொல் கிடையாது. பேஸ் கிட்டார் பற்றி எழுத உட்கார்ந்தபோது எனக்கு முதலில் தட்டுப்பட்டது இந்தச் சொல் பஞ்சம்தான்.

இருக்கிற சொற்களோ இன்னும் விபரீதம். அடுத்தவன் சொல்வதையெல்லாம் ஆமோதிக்கிறவனை 'ஒத்து ஊதுகிறான்' என்கிறோம். முகஸ்துதிக்காரன் 'ஜால்ரா'. 'பின்பாட்டு', 'தாளம் போடுவது' எல்லாமே வசைகள். ஒரு சங்கீதத்தை அடியில் இருந்து தாங்குகிற காரியம் எதுவோ அது நம் பேச்சில் ஈனத்தொழிலாகிவிட்டிருக்கிறது. சொல்லின் விளையாட்டு என்று இதைத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. நம் கேட்கிற பழக்கமே இதுதான்: மேலே இருப்பதைக் கேள், கீழே இருப்பது உழைக்கட்டும்.

வாத்தியத்தின் சரித்திரம் நீளமானதல்ல. 1951ல் கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 'பிரிசிஷன் பேஸ்' என்ற பெயரில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்த வேலையைச் செய்தது, ஆள் உயரத்துக்கு நிறுத்தி வைத்து வாசிக்கும் டபுள் பேஸ். நம் பழைய சினிமா வாத்தியக் குழுக்களிலும் அது இருந்தது. ஃபெண்டர் அதைத் தோளில் மாட்டிக்கொள்ளும்படி செய்து, வீணையில் இருப்பதுபோல் மெட்டுகளும் வைத்தார். 34 அங்குல நீளத்தில் நாலே தந்தி. ஆகக் கனத்த தந்தியின் அதிர்வு விநாடிக்கு 41 தடவை. டீக்கடை ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரால் அந்த அதிர்வை எழுப்பவே முடியாது. அதன் மேல் அனுநாதங்களைத்தான் அது தருகிறது. அடி ஸ்வரத்தை நம் மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. ஸ்பீக்கரில் இல்லாததைக் கேட்டுத்தான் நம்மில் பலர் இத்தனை காலம் சொக்கியிருக்கிறோம்.

நம் மரபுக்கு அடிநாதம் புதிதல்ல. தம்புரா இருக்கிறது, நாகஸ்வரத்துக்கு ஒத்து இருக்கிறது. ஆனால் இவை அசையாத ஆதாரங்கள். ஸட்ஜமம் ஓரிடத்தில் உட்கார்ந்துவிட்டால் கச்சேரி முடிகிற வரைக்கும் அங்கேயேதான். மற்ற ஸ்வரங்கள் எல்லாம் அதற்கு எவ்வளவு தூரம் என்பதை வைத்தே பொருள் பெறுகின்றன. பேஸ் கிட்டார் கொண்டுவந்தது நகரும் ஆதாரத்தை. பாடகர் அந்தர காந்தாரத்தில் நீளமாக நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பேஸ் ஸட்ஜமத்தில் இருந்தால் அந்தக் காந்தாரம் வீட்டில் இருக்கிறது. அதே குரல் அசையாமல் இருக்க, பேஸ் சதுச்ருதி தைவதத்துக்கு இறங்கினால் அதே காந்தாரத்தின் முகத்தில் நிழல் விழுகிறது. சுத்த மத்யமத்துக்குப் போனால் எதிலும் ஒட்டாத ஒரு ஏக்கம் வந்துவிடுகிறது. பாடகர் ஒன்றுமே செய்யவில்லை. தரை நகர்ந்திருக்கிறது. உணர்ச்சியைப் பாடகரின் கணக்கில் எழுதிவிட்டு நாம் வீட்டுக்குப் போகிறோம்.

1976ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு இளையராஜா இந்த நகர்வைத் தமிழ்க் காதுக்கு அன்றாடப் பழக்கமாக்கினார். தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய முறை பயின்றவர்; ஒவ்வொரு வாத்தியத்துக்கும் ஸ்வரக்குறிப்பு எழுதித் தருகிறவர். அவரிடத்தில் பேஸ், தாளத்தோடு சேர்ந்து அடிக்கிற ஆணியாக நின்றுவிடுவதில்லை. இரண்டாவது மெட்டாகிறது. 'மௌன ராகம்' (1986) படத்தின் 'மன்றம் வந்த தென்றலுக்கு' பாட்டை எஸ்.பி. பாலசுப்ரமணியத்தின் குரலை வேண்டுமென்றே ஒதுக்கிவிட்டு ஒரு தடவை கேட்டுப் பார்க்கலாம். மேலே ஒரு மனிதன் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க, கீழே இன்னொருவன் அதைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறான். யோசிப்பவன் ஒத்து ஊதுவதில்லை. சில இடங்களில் மறுக்கவும் செய்கிறான். 'ராஜ ராஜ சோழன் நான்' (இரட்டை வால் குருவி, 1987) கீரவாணி என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பாட்டின் பேஸ் எத்தனை பேச்சுப் பேசுகிறது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? இளையராஜாவிடம் நெடுங்காலம் பேஸ் வாசித்த சசிதரனின் பெயரை நம் சங்கீதக் கட்டுரைகளில் தேடித்தான் பார்க்க வேண்டும்.

தேடாமல் அந்தப் பெயர் என் காதில் விழுந்த இடம் பூந்தமல்லி. திருக்கச்சி நம்பி பிறந்த ஊர் என்று வைணவர்கள் சொல்வார்கள். பஸ்காரர்களுக்கு அது டிரங்க் ரோட்டில் ஒரு நெரிசல். கரையான்சாவடிப் பக்கம் ஒரு மாடி அறையில் பேஸ் வாசிக்கிறவர்கள் ஐந்தாறு பேர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடுகிறார்கள். ஒருவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஒருவர் ஆவடியிலிருந்து வருகிறவர், இரண்டு பேர் கல்லூரிப் பையன்கள். நான் ஓரமாக உட்கார்ந்து கேட்கிறவன், வாசிக்கத் தெரியாது. பேச்சு பெரும்பாலும் சாமான்களைப் பற்றி. பேஸ் தந்தி விலை அதிகம் என்பதால் மங்கிப்போன தந்தியைக் கழற்றி வெந்நீரில் கொதிக்க வைத்துத் துடைத்து மாட்டினால் சில நாளைக்குப் பழைய ஒலி திரும்பும் என்பதை அங்கேதான் கண்ணால் பார்த்தேன். இறக்குமதிக் கெடுபிடி இருந்த நாட்களில் கல்கத்தா கிப்டோன், கிவ்சன் கிட்டார்களை வைத்துக்கொண்டு பட்ட பாட்டை மூத்தவர் சொல்வார். அப்புறம் புரோகிராம் பேச்சு. "தம்பி, ஆடி மூணாவது ஞாயிறு கூழ் ஊத்துறாங்க, ஆவடியில, எனக்கு வேற இடம் இருக்கு, நீ போய்ட்டு வா." பேஸ்காரர்களுக்குள் போட்டி குறைவு என்பதைக் கவனித்தேன். மேடையில் பின்னால் நிற்பவனை யாரும் பொறாமைப்படுவதில்லை என்பது காரணமாக இருக்கலாம்.

ஆனால் அவர்கள் பாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அதற்கு ஈடான விமர்சனத்தை நான் நம் பத்திரிகைகளில் படித்ததில்லை. கையில் குறிப்பு எதுவும் கிடையாது. கேஸட் காலத்தில் ட்ரெபிளைக் குறைத்து, ஸ்பீக்கர் பெட்டியில் காதை வைத்துப் பிடித்த வரிகள். "அங்க ஜி இல்லண்ணே, எஃப் ஷார்ப்ல இருந்து இறங்குது" என்று பையன் சொல்ல, பெரியவர் ஒப்புக்கொள்ளாமல் வாசித்துக் காட்ட, ஒரே ஒரு ஸ்வரத்துக்கு ஒரு மணி நேரம் போகிறது. ஒரு ஸ்வரம் மாறினால் பாட்டின் மனநிலை மாறும் என்று தெரிந்தவர்களுக்கே சாத்தியமான சண்டை இது. ரஹ்மானோடு நெடுங்காலம் வாசித்த கீத் பீட்டர்ஸ் பற்றியும், மெட்டுகளைப் பிடுங்கிய பேஸில் 1976ல் ஜாகோ பாஸ்டோரியஸ் போட்ட முதல் ஆல்பம் பற்றியும் பையன்கள் பேசுகிறார்கள். மெட்டில்லாத பேஸ் கோட்டுவாத்தியத்துக்கு உறவு, கமகத்துக்கு ஏற்ற வாத்தியம் என்பது ஆவடிக்காரரின் கட்சி. யோசிக்க வேண்டிய கட்சிதான்.

இப்போது இவர்களின் இடம்தான் போய்க்கொண்டிருக்கிறது. மெல்லிசைக் குழுக்களில் செலவைக் குறைக்க முதலில் நீக்கப்படுகிறவர் பேஸ்காரர். கீபோர்டுக்காரரின் இடது கை அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது, அல்லது முன்கூட்டிப் பதிந்த ட்ராக் பார்த்துக்கொள்கிறது. ஒரு சம்பளம் மிச்சம், வேனில் ஒரு ஆம்ப்ளிஃபயர் கனம் மிச்சம். கோயில்களில் ஒத்துக்காரருக்குப் பதில் சுருதிப்பெட்டி வந்து உட்கார்ந்தது போலத்தான். ஆனால் சுருதிப்பெட்டி விஷயத்தில் நஷ்டம் ஒரு ஆளின் மூச்சு; ஸ்வரம் அதேதான். இங்கே வரியே போகிறது. விரல் தந்தியில் வழுக்கிப் போகிற இடம், ஸ்வரமில்லாமல் வெறும் தட்டாக விழுகிற இடம், பின்னால் இழுத்து நிற்கிற இடம், எதுவும் இடது கையில் வருவதில்லை. கூட்டத்துக்கு என்ன குறைகிறது என்று தெரியாது. பாட்டு என்னவோ இன்றைக்கு ஒட்டவில்லை என்று மட்டும் தோன்றும்.

இதே நேரத்தில் பேஸின் அளவு மட்டும் பெருத்திருக்கிறது. டிரங்க் ரோட்டில் போகிற ஷேர் ஆட்டோக்களில் ஸீட்டுக்கு அடியில் சப்-ஊஃபர் முதுகெலும்பை உலுக்குகிறது. அதில் ஸ்வரம் எதுவென்று சொல்ல முடியாது. எல்லாம் ஒரே இடி. பேஸை வயிற்றால் கேட்கப் பழகிய தலைமுறை அதைக் காதால் கேட்கும் என்று எதிர்பார்ப்பதில் எனக்கு நம்பிக்கை குறைவு.

டெட்ராய்ட்டில் மோடவுன் கம்பெனிக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் என்பவர் அறுபதுகள் முழுக்க பேஸ் வாசித்தார், பெரும்பாலும் ஒற்றை விரலால். அவருடைய வரிகளில் பல அவரே கண்டுபிடித்தவை. நம் ஸ்டூடியோ முறைக்கு நேர் எதிர். ஆனால் ரெக்கார்டு உறைகளில் பெயர் இல்லை. 1971ல் மார்வின் கே ஆல்பத்தில்தான் அச்சேறியது. 1983ல் இறந்தார். 1989ல் அவர் வாசிப்பை ஸ்வரம் ஸ்வரமாக எழுதி ஒரு புத்தகம் வந்தது, 2002ல் ஒரு ஆவணப்படமும். இன்றைக்கு உலகத்தில் பேஸ் கற்றுக்கொள்கிற எவனும் அந்த வரிகளை வாசித்தே ஆக வேண்டும்.

கரையான்சாவடி மூத்தவரிடம் ஒரு நோட்டு இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளைகளுடைய இரட்டைக்கோடு நோட்டு. பென்சிலில் எழுதியிருக்கிறார்: பாட்டு, படம், வருஷம், எந்த சரணத்தில் பேஸ் என்ன செய்கிறது. வாசித்தவர் பெயருக்கு என்று ஓரத்தில் கட்டம் போட்டிருக்கிறார். சிலவற்றில் பெயர் உண்டு. மற்றதில் கேள்விக்குறி, அதையும் பென்சிலில்தான் போட்டிருக்கிறார், அழிக்க வேண்டி வரலாம் என்று.