செருப்புத் தைக்கும் இடத்தில்தான் ஆட்டமே இருக்கிறது

முத்துப்பட்டன் கதையில் சண்டையைச் சுருக்கிப் பாடும் வில்லுப்பாட்டுப் புலவர் ஒருவரைப் பற்றி, கோவில் கொடை முடிந்த ஊர்களில் எல்லாம் ஒரே பேச்சு. "அண்ணாவிக்கு வயசாயிட்டு, மூச்சு நிக்க மாட்டேங்கு" என்கிறார்கள். மாடு கவர வந்தவர்களோடு பட்டன் மோதும் கட்டத்தில் மற்ற வில்லுக் குழுக்களில் உடுக்கு தெறிக்கும், வீசுகோல் பறக்கும், வலமும் இடமும் சேர்ந்து குரல் கொடுக்கும். இவரோ வீசுகோலைக் கீழே வைத்துவிட்டு நாலு வசனத்தில் முடித்துவிடுகிறார்.

இதைத் தளர்ச்சி என்பது தப்புக் கணக்கு. அதே மனிதர் நள்ளிரவுச் சாமக்கொடையில் சாமியை வரவழைக்கும் வரத்துப் பாடும்போது கேட்டவர்களுக்குத் தெரியும். சாமியாடி நிலைகொள்ளாமல் ஆட, அந்த வேகத்துக்கு ஒரு தாளம்கூடப் பிந்தாமல் பாடுகிறார். மூச்சு இல்லாதவர் செய்கிற காரியமா அது? சண்டையில் மிச்சம் பிடித்ததை அவர் எங்கே செலவழிக்கிறார் என்று பாருங்கள்.

செருப்புத் தைக்கும் வாலப்பகடை, தன் பெண்களைக் கேட்டு வந்த பட்டனுக்கு நிபந்தனை போடும் இடத்தில் செலவழிக்கிறார். பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கட்டிக்கொள்ள வேண்டுமா? பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைத்துக் கொண்டு வா. பிராமணப் பிள்ளையான பட்டன் மறுபேச்சுப் பேசவில்லை. இந்த இடத்தில் புலவர் உடுக்கை நிறுத்துகிறார். குடம் மட்டும் ஒற்றை அடியில் போகிறது. தோலை நனைப்பது, வார் அறுப்பது, ஊசி கோப்பது என ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பாடுகிறார். பழக்கமில்லாத கை தடுமாறுவதையும் பாடுகிறார். அவசரம் என்பதே இல்லை.

புலவர் எடுத்த இன்னொரு முடிவையும் யாரும் கவனிப்பதில்லை. அந்தப் பெண்கள் பிறப்பால் பிராமணர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தவர் மட்டுமே என்றொரு முடிச்சு சில பாடங்களில் உண்டு. பட்டனின் துணிச்சலைப் பாதியாக்கும் முடிச்சு அது. நாங்குநேரியில் பிறந்த ஆய்வாளர் நா. வானமாமலை அதைப் பிற்காலச் செருகல் என்று வாதிட்டார். நம் புலவர் அதைத் தொடுவதே இல்லை. தொட்டால், அதுவரை குடத்தடியில் கட்டியெழுப்பிய அத்தனையும் சரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும்.

சண்டைதான் வீரம் என்ற எண்ணம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1962-இல் ஸ்டான் லீ, லாரி லீபர், ஜாக் கிர்பி மூவரும் ஸ்காண்டிநேவிய இடித்தெய்வமான தோரைக் காமிக்ஸ் நாயகனாக்கினார்கள். கால் ஊனமுற்ற மருத்துவர் ஒருவர் நார்வே குகையில் கிடைத்த தடியைப் பாறையில் அடிக்கிறார். தடி சுத்தியலாகிறது, அவர் தோராகிறார், சனிக் கோளிலிருந்து வந்த கல்மனிதர்களை விரட்டுகிறார். பக்கங்கள் பறக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பழைய ஐஸ்லாந்துப் பாடல் ஒன்றில் சுத்தியலே களவு போகிறது. அதை மீட்க மணப்பெண் வேடம் போட வேண்டும் என்கிறார்கள். மற்ற தெய்வங்கள் தன்னை ஆண்மையற்றவன் என்பார்களே என்று தோர் தயங்குகிறான், பிறகு முக்காடு போட்டுக்கொண்டு அரக்கன் வீட்டுக்குப் போகிறான். பட்டன் அவனையும் மிஞ்சுகிறான். தோர் வேடத்தைக் கலைத்துவிட்டுப் பழைய தோராகத் திரும்பலாம். அறுத்த பூணூலைப் பட்டன் மறுபடி எடுத்துப் போட்டுக்கொள்ளவே இல்லை. மாமனாரின் மாடுகளுக்காகவே உயிரை விடுகிறான்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறு சொரிமுத்து ஐயனார் கோவிலில் பட்டவராயன் என்ற தெய்வமாகிவிட்ட முத்துப்பட்டனுக்கு ஜனங்கள் காணிக்கையாகக் கட்டுவது தோல் செருப்பு. கதையின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்? புலவர் அந்தக் காணிக்கையின் பக்கம் நின்று பாடுகிறார். நானும் அவர் பக்கம்தான்.

இனி என்ன நடக்கும்? ஒலிபெருக்கிக் கெடுபிடியால் கொடைகளில் வில்லுக்குக் கிடைக்கும் நேரம் இன்னும் குறையும். பெரும்பாலான குழுக்கள் சண்டையை வைத்துக்கொண்டு செருப்பை வெட்டும். ஒன்றிரண்டு வருடம் கைதட்டலும் வாங்கும். பிறகு எல்லாக் கதையும் ஒரே கதையாகக் கேட்கத் தொடங்கும், கூட்டம் கலையும். அப்போது இந்தப் புலவரிடம் குடம் அடித்துப் பழகிய இளவட்டம் ஒருவர் தனிக் குழு கட்டுவார், கொடைக் கமிட்டிகள் அவருக்குத்தான் முன்பணம் கொடுக்கும். முத்துப்பட்டனும் ஒருநாள் தமிழில் காமிக்ஸாக வருவான். வரைபவர் முதல் இதழை வாள்வீச்சுக்குக் கொடுத்தால் இரண்டாம் இதழ் விற்காது. முதல் இதழ் முழுவதையும் செருப்புக்குக் கொடுத்தால் நூறாவது இதழ் வரைக்கும் ஓடும்.