பேயெள்ளுக்கு நான் அடிமை

எங்கள் வீட்டு அலமாரியில் ஆலிவ் எண்ணெய்க்கு ராஜ மரியாதை. விலை அப்படி! மூடியைத் திறந்தாலே என் மனைவி சமையலறைக்கு வந்து எட்டிப் பார்ப்பாள். அந்த மரியாதை ஜவ்வாது மலைப் புதூர்நாட்டில் ஒரு மதியச் சாப்பாட்டோடு கவிழ்ந்தது.

திருப்பத்தூரிலிருந்து மலை ஏறியபோது சரிவெல்லாம் மஞ்சள் பூ, பூவெல்லாம் தேனீ. குட்டிச் சூரியகாந்தி என்றே நினைத்தேன். "பேயெள்ளுங்க" என்று சிரித்தார் சோறு போட்ட அக்கா. சூரியகாந்திக் குடும்பம்தான்; எள்ளுக்கும் இதற்கும் உறவே இல்லை. எத்தியோப்பிய மேட்டுநிலம்தான் பூர்வீகம். கன்னடத்தில் ஹுச்செள்ளு, அதாவது பைத்திய எள்ளு. பாவம், யாருமே நல்ல பேர் வைக்கவில்லை!

சுடச்சுடச் சாமைச் சோறு. வறுத்த பேயெள்ளோடு மிளகாய், பூண்டு, உப்பு வைத்து இடித்த பொடி. மேலே செக்கில் ஆட்டிய பேயெள்ளு எண்ணெய். அடடா, அந்த வாசனை! வேர்க்கடலையும் எள்ளும் சேர்ந்து வறுபடுகிற மாதிரி. மூன்று முறை சோறு கேட்டு வாங்கினேன், வெட்கமே இல்லாமல்.

பேயெள்ளு எண்ணெயில் பெரும்பங்கு லினோலிக் அமிலம். உடம்பு தானாகச் செய்துகொள்ள முடியாத கொழுப்பு அது. உணவில்தான் வர வேண்டும். நெய், வனஸ்பதி இருக்கிற இடத்தில் இந்த மாதிரி எண்ணெய் வந்தால் கெட்ட கொலஸ்ட்ரால் இறங்கும். ஆலிவின் பலம் வேறு: ஒலிக் அமிலமும் பாலிஃபீனால்களும். ஸ்பெயினில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வு (2013, திருத்திய வடிவம் 2018) இதய நலத்தில் அதன் பெருமையைச் சொல்கிறது. பேயெள்ளுக்கு அப்படிப் பெரிய ஆய்வு எதையும் நான் படித்ததில்லை. என் சாட்சி நாக்கு மட்டும்தான். கலோரியில் இரண்டும் ஒன்று, கிராமுக்கு 9. ஆகவே தாராளமாக ஊற்றிக்கொள்ளவும் முடியாது, அதுதான் என் துக்கம்.

இன்னொன்று, பேயெள்ளு எண்ணெயில் சீக்கிரம் சிக்கு வாடை வந்துவிடும். கொஞ்சமாக வாங்கி, வெயில் படாமல் வைக்க வேண்டும். பொரிக்க வேண்டாம், பொடியில் குழைக்க, சோற்றில் ஊற்றத்தான் இது. அமெரிக்காவில் தங்கக் குருவிகளுக்கு இந்த விதையைத் தீனியாகத் தொங்கவிடுகிறார்களாம். குருவிக்கு என்ன ருசி பாருங்கள்!

அரை லிட்டர் கொண்டுவந்தேன். பத்து நாளில் பாட்டில் காலி. ஆலிவ் பாட்டிலை இப்போது யார் திறந்தாலும் என் மனைவி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அடுத்து எப்போது மலைக்குப் போகிறோம் என்றுதான் கேட்கிறாள்.