நான்காம் வகுப்புக்குள் எத்தனை வகுப்பு?

நான்காம் வகுப்பில் இந்த மாதம் என்ன பாடம் நடக்கிறது? தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப்பள்ளியில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில் உண்டு. பாடநூலைப் புரட்டினால் நான்கு இலக்க எண்கள், பெருக்கல், பின்னம், ஐவகை நிலம், நகராட்சி என்று வரிசையாக இருக்கும். வகுப்பறையில் எட்டிப் பார்த்தால் ஒரு குழு கதை படித்துக் கேள்விகளுக்குப் பதில் எழுதும். இன்னொரு குழு துணைக்காலும் கொம்பும் சேர்த்துச் சொற்களைக் கூட்டிப் படிக்கும். வருகைப் பதிவேட்டில் எல்லோரும் நான்காம் வகுப்புதான்.

இந்த இரண்டாவது பதிலை ஏற்றுக்கொண்டு, பிள்ளைகளைக் கற்றல் நிலைவாரியாகக் குழு பிரித்துக் கற்பிக்க அரசே வகுத்த திட்டம் ‘எண்ணும் எழுத்தும்’. 2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் தொடங்கியது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை. 2023-24 கல்வியாண்டில் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் வந்தது.

அந்த ஆண்டில் நான்காம் வகுப்பில் இருந்த பிள்ளைகளின் கதை கவனிக்கத்தக்கது. 2020-21இல் அவர்கள் ஒன்றாம் வகுப்பு; அந்த ஆண்டு முழுக்கப் பள்ளி மூடிக் கிடந்தது. 2021 நவம்பர் 1 அன்று கதவு திறந்தபோது இரண்டாம் வகுப்பில் பாதி போய்விட்டது. மூன்றாம் வகுப்பில் இருந்தபோது, பிள்ளைகளின் கற்றல் நிலையை அளக்கும் ‘ஏசர் 2022’ கணக்கெடுப்பு வந்தது. தமிழ்நாட்டுக் கிராமப்புறங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் கழித்தல் கணக்குப் போடத் தெரிந்தவர்கள் 11.2 விழுக்காடு. பழியை முழுக்கக் கொரோனாவின் தலையில் கட்டவும் முடியாது. 2018இலேயே அது 25.9 விழுக்காடுதான்.

நிலை அறிந்து கற்பிப்பதன் பலம் இந்தக் கழித்தலிலேயே தெரியும். 41இலிருந்து 13ஐக் கழிக்கச் சொன்னால் பல பிள்ளைகள் 32 என்று எழுதுவார்கள். ஒன்றிலிருந்து மூன்று போகாது என்பதால், மூன்றிலிருந்து ஒன்றைக் கழித்துவிடுகிறார்கள். தவறு என்று சிவப்பு மையால் சுழித்துவிட்டு நான்கு இலக்கக் கணக்குக்குப் போனால், அதே பிழை ஆயிரங்களிலும் கூடவே வரும். நான்கு கட்டுக் குச்சியும் ஓர் உதிரிக் குச்சியும் கையில் கொடுத்து, ஒரு கட்டை அவிழ்க்கச் சொன்னால் உதிரி பதினொன்றாகிறது. அதிலிருந்து மூன்றை எடுக்க முடிகிறது. ‘கடன் வாங்குதல்’ என்று கரும்பலகையில் கேட்ட சொல்லுக்கு அப்போதுதான் பொருள் கிடைக்கிறது. நான்காம் வகுப்பில் உட்கார்ந்து இரண்டாம் வகுப்புக் கணக்கைப் போடுவதில் வெட்கப்பட ஏதுமில்லை என்று பிள்ளைக்கும் ஆசிரியருக்கும் சொன்னதே இத்திட்டத்தின் முதல் நன்மை.

இது முற்றிலும் புதிய எண்ணமும் அன்று. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுதும் பரவிய செயல்வழிக் கற்றல், ரிஷிவேலி பள்ளியின் அனுபவத்திலிருந்து ‘கற்றல் ஏணி’யைக் கொண்டுவந்தது. அட்டைகளைப் பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் தன் வேகத்தில் ஏறலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. ஒன்று, இரண்டு வகுப்புகளில் படிக்கக் கற்பதே பாடம். நான்காம் வகுப்பில் படித்துத்தான் பாடத்தையே கற்க வேண்டும். தமிழ் வேளையில் சொற்களைக் கூட்டிப் படிக்கும் சிறுமி, அடுத்த மணியில் சமூக அறிவியலின் பத்திகளை எப்படிப் படிப்பாள்? அங்கே அவளுக்கென்று எளிய பாடம் இல்லையென்றால், கரும்பலகையில் எழுதிப்போடும் விடையைப் பார்த்து எழுதுவதே மிச்சம். குறிப்பேடு நிரம்பிவிடும், குறிஞ்சிக்கும் முல்லைக்கும் என்ன வேறுபாடு என்பது மட்டும் மனத்தில் ஏறியிராது. மறுபக்கம், நன்றாகப் படிக்கும் பிள்ளையிடம் பயிற்சிநூலைக் கொடுத்துவிட்டு ஆசிரியர் அடுத்த குழுவுக்குப் போனால், அவன் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டுச் சன்னலைப் பார்ப்பான்.

ஆள் கணக்கு இன்னும் இடிக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். ஒருவர் முதல் மூன்று வகுப்புகளைப் பார்த்தால், மற்றவர் கையில் நான்கும் ஐந்தும். இரண்டு வகுப்பு, ஐந்து பாடம், ஒவ்வொன்றுக்குள்ளும் குழுக்கள். அவர்களில் ஒருவர் தலைமையாசிரியர் வேறு. நிர்வாக வேலைகளும் அவர் பொறுப்பு. இதற்கு நடுவே ஒவ்வொரு பிள்ளையின் மதிப்பீட்டு விவரங்களையும் கைப்பேசிச் செயலியில் ஏற்ற வேண்டும். இந்த இணையவழிப் பதிவைக் குறைக்கச் சொல்லி ஆசிரியர் சங்கங்கள் தொடர்ந்து குரல் கொடுத்துவருகின்றன. அதைச் சோம்பலின் குரல் என்று தள்ளுவது எளிது. நெட்வொர்க் கிடைக்காத ஊரில் கைப்பேசியோடு போகும் அரை மணி, பின்தங்கிய குழுவுக்குச் சேர வேண்டிய அரை மணி என்பதை மறுப்பது கடினம்.

இத்தகைய நிலைவாரிக் கற்பித்தலைப் ‘பிரதம்’ என்ற தன்னார்வ அமைப்பு பல மாநிலங்களில் செய்துபார்த்திருக்கிறது. பொருளியலாளர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ குழுவினர் விளைவுகளை அளந்தார்கள். பீகாரில் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் பொருள்களும் மட்டும் கொடுத்தபோது பெரிய பலன் இல்லை. ஹரியானாவில் பள்ளி நேரத்தில் தனியே ஒரு மணி ஒதுக்கி, வகுப்பைப் பாராமல் நிலையைப் பார்த்துப் பிள்ளைகளைப் பிரித்து, மேற்பார்வையும் வைத்தபோது மொழித் திறன் உயர்ந்தது. கணக்கில் அதே உயர்வு தெரியவில்லை. ஆக, குழு பிரிப்பது பாதி வேலைதான். அந்தக் குழுவோடு யார், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்பதே மீதிப் பாதி.

திட்டத்தை வீண் என்று சொல்லிவிட இடமில்லை. ‘ஏசர் 2024’ அறிக்கையில் தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்பின் கழித்தல் திறன் கணிசமாக மீண்டிருக்கிறது. ஆனால் 2023-24இல் நான்காம் வகுப்பில் இருந்தவர்கள் 2025-26இல் ஆறாம் வகுப்புக்கு வந்தார்கள். அதே ஆண்டில்தான், அடிப்படைத் திறன் எட்டாத ஆறு முதல் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக ‘திறன்’ திட்டம் தொடங்கியது. கீழ் நிலைக் குழுவிலேயே இருந்துகொண்டு வகுப்பு மட்டும் ஏறியவர்கள் உண்டு என்பதற்கு அரசின் இந்த ஏற்பாடே சான்று.

செயலியில் ஏற்றிய விவரங்களுக்கு இங்கே ஒரு பயன் இருக்கிறது. ஜூனில் கீழ் நிலையில் இருந்த நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஒவ்வொரு பருவ முடிவிலும் அடுத்த நிலைக்கு வந்தார்கள் என்ற ஒரே ஒரு கணக்கை, பெயர் சொல்லாமல், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைக்கலாம். எண் நகரவில்லை என்றால், இன்னோர் ஆசிரியரைக் கேட்டுத் தீர்மானம் போடப் பெற்றோருக்கு அந்தத் தாளே போதும்.