முடிவு தெரிந்தபின் படிக்கவேண்டிய கட்டுரைகள்

ராமன் விளைவு என்றால் என்ன என்று கேட்டால், பள்ளிக்கூடம் போன யாரும் ஏதாவது ஒரு பதில் சொல்லிவிடுவார்கள். பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள் என்பது போட்டித் தேர்வு எழுதியவர்களுக்கு மனப்பாடம். ஆனால் சி.வி.ராமனும் கே.எஸ்.கிருஷ்ணனும் அந்தக் கண்டுபிடிப்பை அறிவித்து எழுதிய கட்டுரையைப் படித்தவர்கள் நம்மில் மிகக் குறைவு. 1928 மார்ச் 31 தேதியிட்ட ‘நேச்சர்’ இதழில் வந்த அது, ஒரு பக்கம்கூட நிறையாத கடிதம். எழுதிய தேதி பிப்ரவரி 16. முகவரி கல்கத்தாவின் பவ்பஜார் தெரு. பிளஸ் டூ இயற்பியலோடு நிறுத்திக்கொண்டவர்கூட கால் மணி நேரத்தில் படித்துவிடலாம்.

முடிவுதான் தெரியுமே, பிறகு எதற்குப் படிப்பது? கர்ண மோட்சம் கூத்துக்குப் போகிறவர் யாருக்கும் கர்ணன் சாகப்போவது தெரியாமல் இல்லை. அந்தச் சாவை நோக்கி அவன் எப்படி நடக்கிறான் என்று பார்க்கத்தான் விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார்கள். மூலக் கட்டுரைகளையும் அதற்காகத்தான் படிக்க வேண்டும். பாடப்புத்தகம் எழுதப்படும்போது ஊரே அந்த முடிவை ஏற்றுக்கொண்டிருக்கும். மூலக் கட்டுரை எழுதப்படும் நாளில் அதை நம்புகிறவர் எழுதியவர் மட்டுமே. நம்பாத ஒருவரை எதிரே வைத்துக்கொண்டுதான் அவர் ஒவ்வொரு வரியும் எழுதுகிறார். அந்த நம்பாதவருடைய இடத்தில் போய் உட்கார்ந்து படியுங்கள். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு உதாரணங்கள்.

ராமன், கிருஷ்ணன் கட்டுரையையே எடுத்துக்கொள்வோம். ஒளி ஒரு திரவத்தில் பட்டுச் சிதறும்போது அதில் மிகச் சிறிய பங்கு நிறம் மாறி வெளியே வருகிறது என்பது அவர்கள் வாதம். நீங்கள் நம்பவில்லை. அவர்கள் செய்வது இது: சூரிய ஒளியை ஒரு தொலைநோக்கியின் பெரிய லென்ஸாலும் இன்னொரு சிறிய லென்ஸாலும் குவித்துத் திரவத்துக்குள் விடுகிறார்கள். ஒளி வரும் வழியில் ஊதா நீலக் கண்ணாடி ஒன்று, மஞ்சள் பச்சைக் கண்ணாடி ஒன்று. ஒன்று விடுவதை மற்றொன்று தடுத்துவிடும் என்பதால் திரவத்துக்குள் ஒளிக்கற்றையின் தடமே தெரியாது. இப்போது மஞ்சள் பச்சைக் கண்ணாடியை மட்டும் எடுத்து, திரவத்துக்கும் பார்ப்பவர் கண்ணுக்கும் நடுவில் வைக்கிறார்கள். உள்ளே போவது ஊதா நீலம் மட்டுமே. அது நிறம் மாறாமல் சிதறினால் கண்ணுக்கு முன்னால் இருக்கும் கண்ணாடி அதை மறித்துவிடும். இருட்டாகவே இருக்க வேண்டும். ஆனால் தடம் தெரிகிறது. உள்ளே போகாத நிறம் வெளியே வருகிறது!

ஒரு கண்ணாடியை இடம் மாற்றி வைத்ததுதான் சோதனை. பார்த்த கருவி மனிதக் கண். இந்த இடத்தில் கொஞ்சம் நின்று, கண்ணாடிகளை மனத்துக்குள் நகர்த்திப் பாருங்கள். தாளில் படம் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

உங்களுக்கு ஒரு சந்தேகம் வர வேண்டும். சில பொருள்கள் ஒளியை உறிஞ்சி வேறு நிறத்தில் உமிழும். ஒளிர்தல் என்ற அந்தப் பழைய சங்கதிதானே இது? அடுத்த வரிகளிலேயே பதில் இருக்கிறது. வழக்கமான சிதறலோடு ஒப்பிட்டால் இது மிக மங்கல். அதோடு, பல திரவங்களில் இந்த ஒளி நன்றாகத் தளவிளைவு கொண்டிருக்கிறது, அதாவது அதன் அதிர்வு ஒரே தளத்தில் ஒழுங்குபட்டிருக்கிறது. அது சிதறிய ஒளிக்கு உரிய அடையாளம். ஏதோ ஒரு திரவத்தின் தனிக் குணமாக இருக்கலாமே என்றால், சுமார் 60 திரவங்களைச் சோதித்தோம், எல்லாவற்றிலும் கண்டோம் என்கிறார்கள். நமக்கு எழும் கேள்விகளுக்கெல்லாம் அங்கேயே பதில்கள் வருகின்றன. இதைக் கவனிக்கக் கற்றுக்கொண்டால் கட்டுரை படிப்பதன் சுகம் பாதி கைக்கு வந்துவிடும்.

நம்பாதவருக்கு இடம் கொடுப்பதை ஒரு கலையாகவே ஆக்கியவர் ஆலன் டூரிங். 1950இல் ‘மைண்ட்’ என்ற தத்துவ இதழில் வந்த அவருடைய ‘கம்ப்யூட்டிங் மெஷினரி அண்ட் இன்டெலிஜென்ஸ்’ கட்டுரை, இயந்திரம் சிந்திக்குமா என்ற கேள்வியோடு தொடங்குகிறது. அந்தக் கேள்வியை, எழுத்தில் மட்டும் கேள்வி கேட்டு எதிரே இருப்பது மனிதரா இயந்திரமா என்று கண்டுபிடிக்கும் ஒரு விளையாட்டாக மாற்றிவிட்டு, தன்னை எதிர்ப்பவர்களை ஒன்பது பேராக வரிசையில் நிறுத்துகிறார். ஆன்மா மனிதனுக்கு மட்டுமே உண்டு என்பவர், சிந்திக்கும் இயந்திரம் என்ற நினைப்பே பயமாக இருக்கிறது என்பவர், சொன்னதை மட்டுமே இயந்திரம் செய்யும் என்பவர் என்று ஒவ்வொருவருக்கும் பேச இடம் உண்டு. செயற்கை நுண்ணறிவு பற்றி இன்று தொலைக்காட்சி விவாதங்களில் கேட்கும் மறுப்புகளில் பல அங்கே ஏற்கெனவே வரிசையில் நிற்கின்றன. எட்டுக்குப் பதில் சொல்லிவிட்டு ஒன்பதாவதில், மனத்தால் மனத்தை அறியும் டெலிபதியைப் பற்றி, அவர் தடுமாறுகிறார். அதற்குச் சான்று இருப்பதாகவே நம்புகிறார். அந்தப் பகுதியைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பெரிய மூளை ஒன்று தனக்கு வசதியில்லாத விஷயத்தையும் மறைக்காமல் மேசைமேல் வைப்பதை அங்கே பார்க்கலாம்.

இந்தக் கட்டுரையைப் படிக்கும்போது கையில் பென்சில் இருக்கட்டும். தொடக்கத்தில் ஒரு மாதிரி உரையாடல் வருகிறது. 34957ஐயும் 70764ஐயும் கூட்டச் சொல்கிறார் கேள்வி கேட்பவர். அரை நிமிடம் கழித்து வரும் விடை 105621. நீங்களே கூட்டிப் பாருங்கள்: 105721. நூறு குறைகிறது. அச்சுப் பிழையோ என்று தோன்றும். பல பக்கங்கள் தள்ளி, மனிதனைப் போல நடிக்கும் இயந்திரம் கணக்கில் வேண்டுமென்றே தப்புச் செய்யும் என்று டூரிங் எழுதுவதைப் படித்தபிறகு அந்த உரையாடலுக்குத் திரும்பிப் போவீர்கள். அவர் அங்கே எதையும் சுட்டிக்காட்டவில்லை. கூட்டிப் பார்க்கிற வாசகருக்காக விட்டுவைத்திருக்கிறார்.

பழைய கட்டுரைகளில் எண்கள் தவறாக இருக்குமே என்று சிலர் தயங்குவார்கள். எண் மாறியிருப்பதைப் பார்த்தால் எனக்கு ஆர்வம் கூடுகிறது. ராமனின் அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு 1930இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறியபோது அவருக்கு வயது 19. அந்தப் பயணத்தில் போட்ட கணக்கிலிருந்து பிறந்தது 1931இல் ‘அஸ்ட்ரோபிசிக்கல் ஜர்னல்’ வெளியிட்ட இரண்டு பக்கக் கட்டுரை. எரிந்து முடிந்து சுருங்கிய விண்மீனான வெள்ளைக் குறுமீனுக்கு ஒரு எடை வரம்பு உண்டு, அதைத் தாண்டினால் அது தன் பாரத்தைத் தாங்காது என்பது அதன் சாரம். இன்று சந்திரசேகர் வரம்பு சூரியனைப்போல் ஏறக்குறைய 1.4 மடங்கு என்று படிக்கிறோம். கட்டுரையிலோ 0.91 என்று இருக்கிறது.

தவறு எங்கே? அந்த விண்மீனில் என்ன பொருள் இருக்கிறது என்பதைக் காட்டும் ஓர் எண்ணை, அந்தக் காலத்து வழக்கப்படி 2.5 என்று வைத்துக்கொண்டார். இப்போது அதை 2 என்று கொள்கிறோம். வரம்பு அந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். ஆகவே 0.91ஐ 1.25ஆல் இரண்டு முறை பெருக்குங்கள்; 1.42 வருகிறது. உள்ளே போட்ட எண்தான் மாறியது. தர்க்கம் அப்படியே நிற்கிறது. 1935இல் வானியலில் எடிங்டன் போன்ற பெரியவர் லண்டன் கூட்டத்தில் இந்த முடிவை எள்ளி நகையாடினார். நோபல் பரிசு வந்தது 1983இல். அந்தக் கதை பலரும் சொன்னதுதான். இந்தப் பெருக்கலை நீங்களே போட்டுப் பார்ப்பதில் கிடைக்கும் நிறைவு வேறு.

கணிதம் வந்தால் என்ன செய்வது? தயங்காமல் தாண்டுங்கள். ஜார்ஜ் ஆகர்லாஃப் 1970இல் எழுதிய ‘தி மார்க்கெட் ஃபார் லெமன்ஸ்’ என்ற பொருளாதாரக் கட்டுரையில் சமன்பாடுகள் சில உண்டு. அவற்றை விட்டுவிட்டாலும் வாதம் கை நழுவாது. பழைய கார் விற்பவருக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. எல்லா வண்டிக்கும் சராசரி விலைதான் கிடைக்கும் என்றால் நல்ல வண்டி வைத்திருப்பவர் விற்க வரமாட்டார். சந்தையில் மோசமானவை மட்டும் மிஞ்சும். வயதானவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் கடினம், கிராமத்தில் வட்டிக்காரரின் பிடி ஏன் தளர்வதில்லை என்பதையெல்லாம் இதே சாவியால் திறக்கிறார். இதை மூன்று இதழ்கள் திருப்பி அனுப்பின. 2001இல் இதற்காகவே நோபல் பரிசு. ஆகர்லாஃப் 1967-68இல் டெல்லியில் இருந்தவர். கடைத்தெருவில் வாங்கிய அரிசியில் வேண்டுமென்றே கலந்த கல்லைப் பொறுக்கும் இந்தியக் குடும்பப் பெண்ணும் கட்டுரைக்குள் வருகிறார். முறத்தோடு உட்கார்ந்த நம் பாட்டிமார் செய்த வேலை, உலகப் பொருளாதாரச் சிந்தனையைத் திருப்பிய ஒரு கட்டுரைக்குச் சான்றாக நிற்பதைப் படித்தபோது எனக்கு மெய் சிலிர்த்தது.

சூத்திரமே வேண்டாம் என்பவருக்கு ஆர்.ஏ.ராட்ஃபோர்ட். ஜெர்மானியரின் போர்க்கைதி முகாமில் அடைபட்டுக் கிடந்த இந்தப் பொருளாதார மாணவர், செஞ்சிலுவைப் பொட்டலங்களும் சிகரெட்டும் வைத்து முகாமுக்குள் ஒரு சந்தை தானாக எழுந்ததை 1945இல் எழுதினார். சிகரெட்தான் அங்கே பணம். நல்ல சிகரெட்டைப் புகைத்துவிட்டு மட்டமானதைச் செலவுக்கு விடுகிறார்கள். உருது தெரிந்த ஒருவர் சீக்கியக் கைதிகளிடம் இறைச்சி வாங்கி வெண்ணெயும் ஜாமும் விற்று லாபம் பார்க்கிறார். ஜே.பி.எஸ்.ஹால்டேன் 1926இல் எழுதிய ‘ஆன் பீயிங் தி ரைட் சைஸ்’ இன்னும் சின்னது. மனிதனை உயரம், அகலம், பருமன் மூன்றிலும் பத்து மடங்காக்கினால் எடை ஆயிரம் மடங்கு, எலும்பின் குறுக்குப் பரப்பு நூறு மடங்குதான். அரக்கன் ஓரடி எடுத்து வைத்ததும் தொடை எலும்பு முறிந்துவிடும் என்கிறார். பிற்காலத்தில் இந்தியக் குடிமகனாகி புவனேஸ்வரில் மறைந்த மனிதர் அவர். முதன்முதலாகத் தொடங்குகிறவர் ஹால்டேனில் தொடங்கலாம்.

ஒன்றைப் படித்து முடித்ததும் அதை மறுத்தவரைத் தேடிப் படியுங்கள். டூரிங்குக்குப் பிறகு ஜான் சர்ல் 1980இல் எழுதிய கட்டுரை. சீனமொழி ஓரெழுத்தும் தெரியாத ஒருவர் அறைக்குள் இருந்துகொண்டு, விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சீன எழுத்துகளை அடுக்கி வெளியே அனுப்புகிறார். வெளியே இருப்பவர்கள் அவருக்குச் சீனம் தெரியும் என்றே நினைக்கிறார்கள். இயந்திரம் சிந்திப்பதும் இப்படித்தான் என்பது சர்லின் வாதம். அதே இதழில் அதன் பின்னாலேயே பல துறை அறிஞர்களின் எதிர்வினைகளும், கடைசியில் சர்லின் பதிலும் அச்சாகியிருக்கின்றன. ஒவ்வொரு எதிர்வினைக்கும் அவர் என்ன சொல்லியிருப்பார் என்று ஓரத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அப்புறம் அவருடைய பதிலைத் திறந்து பாருங்கள்.